எனர்ஜி, பிசினஸ், இலக்கியம்: பாட புக்கும் ப்ரொஃபஷனல் புக்கும் தேர்ந்தெடுக்க, தேட, படிக்க ஒரு முழு வழிகாட்டி

"எந்த புக்கு நல்லா இருக்கும்"னு கேக்குறவங்க முக்கால்வாசி பேர் ஒரு பேரை சொல்லிட்டா போதும்னு நினைக்கிறாங்க. ஆனா பேரை விட முக்கியம் அந்த புக்கு எந்த வருஷத்து புக்கு, அந்த வருஷம் உங்க வேலைக்கு செல்லுமாங்கறது. எனர்ஜி புக்குல பாதி எப்பவும் கெடாது, மீதி பாதி ரெண்டு மூணு வருஷத்துலயே பழசாயிடும். பிசினஸ்ல ஒரு சட்டம் மாறினா அந்த சேப்டரே அன்னைக்கே போச்சு. இலக்கியத்துல நிலைமை தலைகீழ், நூறு வருஷத்துக்கு முந்தின பதிப்பு போன வருஷம் வந்ததை விட நம்பகமா இருக்கும். மூணுக்கும் ஒரே மாதிரி "லேட்டஸ்ட் எடிஷன் குடுங்க"னு கேட்டு வாங்குறதுலதான் நிறைய காசு வீணாகுது, அதனால இந்த மூணையும் தனித்தனியா எப்படி அணுகுறதுன்னு படிப்படியா சொல்றேன்.

படி 1: எதுக்கு வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பரீட்சைக்கா, வேலைக்கா, ஆராய்ச்சிக்கா? பரீட்சைக்குன்னா அந்த பரீட்சையை நடத்துறவங்க குடுக்குற மெட்டீரியல்தான் முதல் புக்கு, கடை புக்கு எல்லாம் அதுக்கு அப்புறம். உதாரணத்துக்கு எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வு. மத்திய அரசோட பீஇஇ, அதாவது எரிசக்தி சிக்கன அமைப்பு, இதுக்குன்னே நாலு கைடு புக்கு போட்டிருக்கு: பொதுவான விஷயங்களுக்கு ஒண்ணு, பாய்லர் ஃபர்னஸ் மாதிரி வெப்ப சாதனங்களுக்கு ஒண்ணு, மோட்டார் பம்ப் கம்ப்ரஸர் மாதிரி மின் சாதனங்களுக்கு ஒண்ணு, சாதனங்களோட செயல்திறனை அளந்து கணக்கு போடுறதுக்கு ஒண்ணு. நாலும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். மேனேஜருக்கு முதல் மூணு பேப்பர், ஆடிட்டருக்கு நாலும். நாலாவது பேப்பர் புக்கை வெச்சு பார்த்து எழுதுறது, அதனால அந்த ஒண்ணை மட்டும் பிரின்ட் போட்டு, ஓரத்துல காகித டேப் ஒட்டி, எந்த ஃபார்முலா எங்க இருக்குன்னு கை தானா போற அளவுக்கு பழகிக்கோங்க. ஹால்ல உக்காந்து தேட ஆரம்பிச்சா நேரம் பத்தாது.

சிஏ படிக்கிறவங்களுக்கும் அதே கதைதான். சிஏ தேர்வை நடத்துற ஐசிஏஐ தன்னோட ஸ்டடி மெட்டீரியலை இலவசமாவே சைட்ல போடுது. ஆனா டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி அது எந்த அட்டெம்ப்ட்டுக்கு, அதாவது எந்த மாச தேர்வுக்கு பொருந்தும்னு போட்டிருக்கிறதை படிங்க, அதை யாரும் படிக்கிறதில்ல.

வேலைக்குன்னா கைல வெச்சு புரட்டுற மாதிரி ஹேண்ட்புக் வேணும், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கிற டெக்ஸ்ட்புக் இல்ல. ஆராய்ச்சின்னா ஒரே விஷயத்தை ஆழமா தோண்டுற தனி நூல், அதுக்கு பின்னாடி இருக்கிற நூற்பட்டியல். இந்த மூணையும் குழப்பிக்கிட்டு வாங்குற புக்குதான் அலமாரியில தூசி படிஞ்சு கிடக்குது.

படி 2: அட்டையை விட்டுட்டு காப்பிரைட் பக்கத்துக்கு போங்க

தலைப்பு பக்கத்துக்கு பின்னாடி பொடி எழுத்துல ஒரு பக்கம் இருக்கும் பாருங்க, அதுல ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. எடிஷன் வேற, ரீபிரின்ட் வேற. "2024 ரீபிரின்ட்"னு போட்டிருந்தா உள்ள இருக்கிறது 2009 எடிஷனாவே இருக்கலாம், ஒரு வரி கூட மாறியிருக்காது. கடைக்காரர் "2024 புக்கு சார்"னு சொல்றது பொய் இல்ல, ஆனா உங்களுக்கு வேண்டிய பதிலும் அது இல்ல.

பின் அட்டை பார்கோடுல வர்ற ஐஎஸ்பிஎன் நம்பர் இருந்தா நல்ல புக்குன்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம நாட்டுல அந்த நம்பரை அரசே இலவசமா குடுக்குது, அது வெறும் அடையாள எண். 2007லேர்ந்து 13 இலக்கம், இந்திய புக்குன்னா 978க்கு அப்புறம் 81 இல்லன்னா 93னு வரும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற விஷயத்தை யாராவது சரி பார்த்தாங்களாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பிஎச்டி முடிச்சவங்களுக்கு "உங்க தீசிஸை புக்கா போடுறோம்"னு மெயில் அனுப்பி, எடிட்டிங் எதுவும் பண்ணாம அப்படியே அச்சடிச்சு தங்கத்தை விட அதிக விலை போடுற கம்பெனிகள் இருக்கு. அந்த மாதிரி ஒரு தலைப்பு பார்த்தா வாங்காதீங்க, அதே தீசிஸ் சோத்கங்கால, அதாவது இந்திய பல்கலைக்கழக தீசிஸ்களை போட்டு வெச்சிருக்கிற தளத்துல, இலவசமா கிடக்குதான்னு தேடுங்க.

அப்புறம் முன்னுரை. "இந்த பதிப்பில் புதியவை"ன்னு ஒரு பகுதி இருந்தா அதை படிச்சாலே பழைய எடிஷன் போதுமா இல்லையான்னு தெரிஞ்சிடும். கடைசியா பின்பக்க இண்டெக்ஸ். 600 பக்க டெக்னிகல் புக்குல இண்டெக்ஸ் இல்லன்னா நான் அப்படியே கீழ வெச்சிடுவேன், அதை போடக்கூட நேரம் எடுக்காதவங்க மத்ததுல எவ்வளவு அக்கறை காட்டியிருப்பாங்க?

படி 3: எந்த துறையில எது பழசாகும்னு பாருங்க

எனர்ஜி முதல்ல. தெர்மோடைனமிக்ஸ், ஹீட் ட்ரான்ஸ்ஃபர், ஸ்டீம் டேபிள், மோட்டார் தியரி இதெல்லாம் 30 வருஷ பழைய புக்குலயும் நிம்மதியா படிக்கலாம். வெப்ப இன்ஜின் பத்தி கார்னோ 1824ல சொன்னது இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. கெட்டுப்போறது விலையும் பாலிசியும். 2010 கடைசியில நடந்த தேசிய சோலார் மிஷனோட முதல் ஏலத்துல சோலார் கரண்ட் யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல, 2020 டிசம்பர்ல குஜராத் ஏலத்துல 1 ரூபாய் 99 பைசா. நடுவுல வந்த ஒரு புக்கு "சோலார் கட்டுப்படியாகாது"ன்னு சொன்னா அது எழுதினப்போ சரி, இப்போ தப்பு. அதே மாதிரி 2003 மின்சார சட்டம், 2001 எரிசக்தி சிக்கன சட்டம் ரெண்டும் அடிப்படை, ஆனா ரெண்டாவதுக்கு 2022ல திருத்தம் வந்து கார்பன் கிரெடிட் வியாபாரம் உள்ள நுழைஞ்சிடுச்சு. ஒரு இந்திய எனர்ஜி மேனேஜ்மெண்ட் புக்கு 2012ல தொடங்கின பாட் திட்டத்தோட (பெரிய தொழிற்சாலைகளுக்கு எரிசக்தி சிக்கன இலக்கு வைக்கிற திட்டம்) நின்னுடுச்சுன்னா அதுக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம்.

புள்ளிவிவரத்துக்கு புக்கு வாங்கவே வாங்காதீங்க. மத்திய மின்சார ஆணையம் மாசா மாசம் ரிப்போர்ட் போடுது. உலக அளவுக்குன்னா முன்னாடி பிபி எண்ணெய் கம்பெனி வருஷா வருஷம் போட்டுக்கிட்டு இருந்த ஸ்டாட்டிஸ்டிக்கல் ரிவ்யூவை 2023லேர்ந்து எனர்ஜி இன்ஸ்டிட்யூட் போடுது, அதுவும் இலவசம். அச்சு புக்குல வர்ற டேபிள் குறைஞ்சது ரெண்டு வருஷம் பின்னாடிதான் இருக்கும்.

பழசானாலும் செத்துப்போகாத புக்குக்கு ஒரு உதாரணம் சொல்லணும்னா கேம்பிரிட்ஜ் இயற்பியல் பேராசிரியர் டேவிட் மெக்கே 2008ல போட்ட "சஸ்டெய்னபிள் எனர்ஜி – வித்அவுட் த ஹாட் ஏர்". முழுசும் இலவசமா ஆன்லைன்ல இருக்கு. அதுல வர்ற சோலார் விலை எல்லாம் இப்போ செல்லாது, கணக்கு பிரிட்டனுக்கு போட்டது, ஆனாலும் கார் ஹீட்டர் விமானம் காத்தாலை எல்லாத்தையும் "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்"ங்கற ஒரே அளவுக்கு கொண்டுவந்து கூட்டி கழிச்சு பார்க்குற முறை இருக்கே, அதை கத்துக்கிட்டா பேப்பர்ல வர்ற எந்த எனர்ஜி செய்தியையும் நீங்களே எடை போட்டுடலாம். இந்த துறைக்கு புதுசா வர்றவங்களுக்கு ஒரே ஒரு புக்கு சொல்லுன்னா நான் இதைத்தான் சொல்வேன்.

பிசினஸ்ல எல்லாமே ஒரே வேகத்துல மாறும்னு நினைக்காதீங்க. காண்ட்ராக்ட் சட்டம் 1872, சரக்கு விற்பனை சட்டம் 1930, பார்ட்னர்ஷிப் சட்டம் 1932, இதுக்கெல்லாம் செகண்ட் ஹேண்ட் புக்கே தாராளமா போதும். வரியில மட்டும் அந்த தைரியம் வேண்டாம். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ல வந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல ரேட் எல்லாம் மாறி 12, 28 சதவீத அடுக்கு பெரும்பாலும் போயிடுச்சு. வருமான வரியில 1961 சட்டத்துக்கு பதிலா 2025 சட்டம், 2026 ஏப்ரல் 1லேர்ந்து. செக்ஷன் நம்பர்லேர்ந்து எல்லாம் வேற, "முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு"ங்கற தலைவலி போய் ஒரே "வரி ஆண்டு". ஆனா பழைய புக்கை எடைக்கு போட்டுடாதீங்க, முந்தின வருஷங்களோட கேஸ் எல்லாம் பழைய சட்டப்படிதான் நடக்கும், ஆபீஸ்ல ரெண்டும் வேணும். கம்பெனி சட்டத்துல 2013க்கு முந்தின புக்கு, அதாவது 1956 சட்டத்தை வெச்சு எழுதினது, வரலாறு படிக்கத்தான் ஆகும்.

மேனேஜ்மெண்ட் புக்குன்னு ஏர்போர்ட் கடையில அடுக்கி வெச்சிருக்கிறது தனி இனம். ஜெயிச்ச கம்பெனியை மட்டும் எடுத்து அவங்க ஏன் ஜெயிச்சாங்கன்னு பின்னாடி காரணம் கண்டுபிடிக்கிறது. 2001ல வந்த "குட் டு கிரேட்" 11 கம்பெனியை எடுத்துக்காட்டா வெச்சது, அதுல எலெக்ட்ரானிக்ஸ் கடை நடத்துன சர்க்யூட் சிட்டி 2008ல திவாலாச்சு, அதே வருஷம் வீட்டுக் கடன் கம்பெனி ஃபேனி மேயை அமெரிக்க அரசே கையில எடுக்க வேண்டியதாச்சு. படிக்க சுவாரசியமா இருக்கும், நானும் படிப்பேன், ஆனா அசைன்மெண்ட்ல ஆதாரமா காட்ட அது ஆகாது.

இலவசமா கிடைக்குற அமெரிக்க டெக்ஸ்ட்புக்ல ஒரு எச்சரிக்கை. ரைஸ் பல்கலைக்கழகத்தோட ஓப்பன்ஸ்டாக்ஸ்ல அக்கவுண்டிங், ஃபைனான்ஸ், மேனேஜ்மெண்ட் எல்லாம் தரமா இருக்கு. ஆனா சரக்கு மதிப்பு போடுறதுல லைஃபோ முறையை (கடைசியா வாங்கினதுதான் முதல்ல வித்ததுன்னு வெச்சுக்கிறது) அங்க அனுமதிக்கிறாங்க, நம்ம அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் அனுமதிக்கிறதில்ல. பேலன்ஸ் ஷீட் வரிசையும் வேற, அவங்க கேஷ்ல ஆரம்பிப்பாங்க, நாம நிலம் கட்டிடம் மெஷின்னு நீண்ட கால சொத்துலேர்ந்து வருவோம். கருத்தை அங்க படிங்க, ஃபார்மேட்டை இங்க படிங்க.

இப்போ இலக்கியம், எனக்கு பிடிச்ச இடம். இங்க "லேட்டஸ்ட்"ங்கற வார்த்தையையே மறந்துடுங்க. கேக்க வேண்டியது: பதிப்பாசிரியர் யார், எத்தனை சுவடி பார்த்தார், பாடவேறுபாடு, அதாவது சுவடிக்கு சுவடி வார்த்தை மாறுற இடத்தை குடுத்திருக்காரா. உ.வே.சா. 1894ல போட்ட புறநானூறு பதிப்புல இருக்கிற முன்னுரையும் அடிக்குறிப்பும் இன்னைக்கு கடையில கிடைக்குற பல மலிவு பதிப்புல கிடையாது. கலித்தொகைன்னா சி.வை. தாமோதரம் பிள்ளையோட 1887 பதிப்பு. சங்க இலக்கியம் முழுசையும் புலவர் வாரியா பார்க்கணும்னா வையாபுரிப் பிள்ளை மேற்பார்வையில சைவ சித்தாந்த மகா சமாஜம் போட்ட 1940 பதிப்பு. அதுக்காக புதுசெல்லாம் வேஸ்ட்னு சொல்லல, ஜெர்மன் தமிழறிஞர் ஈவா வில்டன் நற்றிணைக்கு 2008லயும் குறுந்தொகைக்கு 2010லயும் போட்ட செம்பதிப்பு (மூலங்களை ஒப்பிட்டு திருத்தமா போடுற பதிப்பு) சுவடி வாரியா பாடத்தை ஒப்பிட்டு காட்டுது, ஆராய்ச்சிக்கு அது இல்லாம வேலை ஓடாது. ஆக வருஷம் பெருசில்ல, பதிப்பாசிரியர் பட்ட பாடுதான் பெருசு.

நவீன இலக்கியத்துலயும் இதே சிக்கல்தான். அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளர்களோட புக்கை யார் வேணும்னாலும் போடலாம், அதனால 50 ரூபாய்க்கு கூட கிடைக்குது, நல்ல விஷயம்தான், ஆனா பத்தி விட்டுப்போனது, தலைப்பு மாறினது, கதை எந்த பத்திரிகையில எப்போ வந்துச்சுங்கற தகவலே இல்லாததுன்னு ஏகப்பட்ட ஓட்டை. புதுமைப்பித்தன் கதைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பிச்ச செம்பதிப்பையும் ஒரு மலிவு பதிப்பையும் பக்கத்துல வெச்சு பாருங்க, நான் சொல்றது புரியும். பாரதிக்குன்னா சீனி விசுவநாதன் காலவரிசையில தொகுத்தது. பயணத்துல படிக்க மலிவு பதிப்பு போதும், எம்ஏ கட்டுரையில மேற்கோள் காட்ட போதாது.

படி 4: காசு குடுக்குறதுக்கு முன்னாடி சட்டப்படி இலவசமா கிடைக்குதான்னு தேடுங்க

ஆங்கில கல்வி நூல்களுக்கு ஓப்பன் ஆக்சஸ் புக்குகளோட டைரக்டரி டிஓஏபி, எல்லாமே ஆசிரியரோ பதிப்பகமோ திறந்துவிட்ட புக்கு. ஐஐடி கரக்பூர் நடத்துற தேசிய டிஜிட்டல் லைப்ரரி எல்லா துறைக்கும் பொதுவான தேடல் இடம். தீசிஸுக்கு சோத்கங்கா. அரசு கல்லூரியிலயோ அரசு பல்கலைக்கழகத்துலயோ இருக்கீங்கன்னா 2025 ஜனவரியில ஆரம்பிச்ச ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல பெரிய பதிப்பகங்களோட ஜர்னல் கிடைக்கும், உங்க லைப்ரரியன்கிட்ட கேளுங்க. அது ஜர்னலுக்கு, புக்குக்கு இல்ல, இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

தமிழுக்கு மதுரைத் திட்டம் 1998லேர்ந்து மூல நூல்களை எழுத்து வடிவத்துல குடுக்குது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் பழைய அச்சு புக்குகளை ஸ்கேனா வெச்சிருக்கு, இலங்கை தமிழ் எழுத்துன்னா நூலகம் தளத்தை விட்டா வேற வழியே இல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924லேர்ந்து 1936க்குள்ள ஆறு தொகுதி, அதுக்கப்புறம் ஒரு அனுபந்தம், சிகாகோ பல்கலைக்கழக தளத்துல தேடுற வசதியோட இருக்கு. ஸ்கேன் பிடிஎஃப்ல வார்த்தை தேடினா கிடைக்கலன்னு புக்கையே சந்தேகப்படாதீங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின ணை, லை, றா எல்லாம் வேற உருவத்துல இருக்கும், மெஷின் அதுல தடுமாறும். பொருளடக்கத்தை வெச்சு கையாலதான் தேடணும்.

படி 5: லைப்ரரிக்கு நேர்ல போங்க

சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896ல திறந்தது, நாட்டுல வெளியாகுற புக்குகளோட பிரதி சட்டப்படி போய் சேர வேண்டிய நாலு நூலகங்கள்ல ஒண்ணு. பழைய தமிழ் புக்கு, நின்னுபோன ஆங்கில புக்கு ரெண்டுக்கும் முதல்ல இங்கதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010லேர்ந்து, இன்ஜினியரிங்குக்கும் மேனேஜ்மெண்ட்டுக்கும் வசதி. மதுரைப் பக்கம்னா 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பழைய பத்திரிகை, குஜிலி பாட்டு புக்கு (அந்த காலத்துல தெருவுல வித்த மலிவு பாட்டு புக்கு) மாதிரி அபூர்வமானதுக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம், சுவடிக்கும் பழைய பதிப்புக்கும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம். இந்த ரெண்டு இடத்துக்கும் போறதுக்கு முன்னாடி என்ன வேணும்னு எழுதி கேட்டுட்டு போங்க.

ஷெல்ஃப்ல தேடுறப்போ ஒரு விஷயம், எனர்ஜி புக்கு ஒரே இடத்துல இருக்காது. டூயி எண் (துறை வாரியா புக்கை பிரிச்சு அடுக்குற நம்பர்) பார்க்குற லைப்ரரியில கொள்கையும் பொருளாதாரமும் 333.79, மின் உற்பத்தி 621.31, சோலார் இன்ஜினியரிங் 621.47. மூணும் வேற வேற வரிசை, சில சமயம் வேற வேற மாடி. பிசினஸ்லயும் அப்படித்தான், வணிக சட்டம் 346, அக்கவுண்டிங் 657, நிர்வாகம் 658, ஃபைனான்ஸ் 332. தமிழ் இலக்கியம் 894.811. நம்பரை போன்ல எழுதிக்கிட்டு போங்க, ஒரு புக்கு தேடப் போய் பக்கத்துல இருக்கிற மூணு நல்ல புக்கு கண்ணுல படுறது இதுல போனஸ்.

படி 6: வாங்குறது

வெளிநாட்டு டெக்ஸ்ட்புக்கோட இந்திய பதிப்பு பாதி விலையில இருக்கும், வாங்குங்க, ஆனா கிளாஸ்ல வெளிநாட்டு பதிப்பு ஓடுதுன்னா கணக்கு நம்பர் மாறியிருக்கலாம், ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. செகண்ட் ஹேண்டுக்கு சென்னையில மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சதுக்கு அப்புறம் பக்கத்துல வந்த அல்லிக்குளம் கடைகள், திருவல்லிக்கேணி, லஸ். இலக்கியத்துக்கு ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சி வரைக்கும் காத்திருந்தா வழக்கமான 10 சதவீத தள்ளுபடி. பிளாட்ஃபார்ம்ல படம் மங்கி, ஓரம் கோணலா வெட்டின டெக்னிகல் புக்கு பார்த்தா தொடாதீங்க, கிராஃப் படிக்க முடியாத எனர்ஜி புக்கு எந்த விலைக்கும் நஷ்டம்தான்.

படி 7: படிக்கிறது

எனர்ஜி புக்கை கால்குலேட்டர் இல்லாம திறக்காதீங்க. முதல் வேலை யூனிட். நம்ம ஊர் ரிப்போர்ட்ல எம்யூன்னு வர்றது 10 லட்சம் யூனிட், வெளிநாட்டு புக்குல அதுவே கிகாவாட் அவர். ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் அவர், 860 கிலோ கலோரி, ஒரு டன் எண்ணெய் சமானம்னா 1 கோடி கிலோ கலோரி, ஏசி டன்னுன்னா 3024 கிலோ கலோரி ஒரு மணி நேரத்துக்கு. இதை முதல் பக்கத்துல பென்சில்ல எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த பொறி கலோரி மதிப்பு. எரியுறப்போ உண்டாகுற நீராவியோட வெப்பத்தையும் சேர்த்தா மொத்த மதிப்பு, விட்டுட்டா நிகர மதிப்பு. நம்ம ஊர் பாய்லர் கணக்கு மொத்த மதிப்புல, ஐரோப்பிய புக்கு பெரும்பாலும் நிகர மதிப்புல. அதனாலதான் அந்த நீராவி வெப்பத்தையும் பிடிச்சுக்கிற கண்டென்சிங் பாய்லருக்கு அவங்க 105 சதவீத எஃபிஷியன்சின்னு போட்டிருக்காங்க, பார்த்துட்டு பயப்படவும் வேண்டாம் நம்பவும் வேண்டாம், எந்த அடிப்படைன்னு பார்த்தா போதும். தீர்த்துக் காட்டின கணக்கை மூடி வெச்சுட்டு நீங்களே போடுங்க, விடை வராத இடத்துலதான் பாடம் இருக்கு.

பிசினஸ் புக்கு பக்கத்துல ஒரு நிஜ கம்பெனியோட ஆண்டறிக்கையை வெச்சுக்கோங்க, பங்குச்சந்தை சைட்ல லிஸ்ட் ஆன எல்லா கம்பெனிக்கும் இலவசமா கிடைக்கும். புக்குல தேய்மானம் படிச்சீங்களா, உடனே அறிக்கையில தேய்மான நோட்டை தேடுங்க. கடன் சேப்டரா, கடன் நோட். கணக்கு பக்கத்தை விட பின்னாடி வர்ற நோட்ஸ்லதான் கதை இருக்கும். ஒரே கம்பெனியை புக்கு முடியுற வரைக்கும் மாத்தாம வெச்சுக்கோங்க.

இலக்கியத்துல மூலத்தை உரை இல்லாம ஒரு தடவை படிங்க, புரியலன்னாலும் பரவால்ல. அப்புறம் பழைய உரை, அப்புறம்தான் இன்னைய விமர்சனம். தலைகீழா போனா விமர்சகர் சொன்னதைத்தான் பாட்டுல பார்ப்பீங்க. விமர்சன நூலை படிக்கிறப்போ மேற்கோள் வர்ற இடத்துல எல்லாம் மூலத்தை திறந்து ஒத்துப் பாருங்க, பாதி வரியை வெட்டி எடுத்து வாதம் பண்ணியிருக்கிறது ரெண்டு மூணு தடவை கண்ணுல பட்டா அந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சிடும்.

படி 8: குறிப்பு எடுக்குறது

பக்க எண் மட்டும் எழுதினா பத்தாது, எடிஷனையும் சேர்த்து எழுதுங்க, ஏன்னா அடுத்த எடிஷன்ல பக்கம் நகர்ந்துடும். சட்டம்னா செக்ஷன் நம்பரோட எந்த வருஷத்து சட்டம்னும், எனர்ஜி எண்ணுன்னா அது எந்த வருஷத்து டேட்டா, என்ன யூனிட்னும், பாட்டுன்னா பாட்டு எண்ணும் பதிப்பாசிரியர் பேரும். ஸ்கேன் பிடிஎஃப்ல கம்ப்யூட்டர் காட்டுற பக்கம் வேற, அச்சுல இருக்கிற பக்கம் வேற, அச்சுல இருக்கிறதைத்தான் எழுதணும். காப்பிரைட் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அந்த குறிப்போடயே போட்டு வெச்சுக்கோங்க, லைப்ரரி புக்கை திருப்பிக் குடுத்து ஆறு மாசம் கழிச்சு உங்க ஆராய்ச்சி கைடு "இது எந்த எடிஷன்"னு கேப்பார்.